லாக் ஆஸ்பத்திரி: பூட்டு யாருக்கு?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு நாம எல்லாரும் பார்த்த ஒரு போட்டோல இருந்து ஆரம்பிக்கலாம். பேப்பர்ல ஆறாம் பக்கத்துல வரும். "மசாஜ் சென்டர் பெயரில் விபச்சாரம், அழகிகள் மீட்பு"ன்னு தலைப்பு இருக்கும். கீழே, துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு போலீஸ் வேன்ல ஏறுற மூணு நாலு பொண்ணுங்க இருப்பாங்க.

அந்த ரூமுக்குக் காசு கொடுத்து வந்த ஆள் ஒருத்தர் இருந்திருப்பார் இல்லையா? அவர் போட்டோ எங்க? பெரும்பாலும் அவரைப் பத்தி ஒரு வரிகூட இருக்காது. அப்புறம் அந்த "மீட்பு"ங்கிற வார்த்தை. மீட்டா வீட்டுக்குத்தானே அனுப்பணும்? ஆனா வேன் போறது காப்பகத்துக்கு. அங்க கதவு வெளிப்பக்கமா பூட்டியிருக்கும்.

பாலியல் தொழில்னு சொன்னாலே நம்ம ஊர்ல பேச்சு நேரா ஒழுக்கத்துக்குப் போயிடும். அதை விவாதிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. நான் இன்னிக்கு அந்தப் பூட்டைப் பத்தி மட்டும் பேசறேன். அது எப்போ போட்டாங்க, யாரைக் காப்பாத்தறதுக்குப் போட்டாங்க, ஏன் இன்னும் முழுசா திறக்கலன்னு.

கதை ஆரம்பிக்கிறது ரொம்பப் பக்கத்துலதான். பரங்கிமலை. இன்னிக்கு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, ஏர்போர்ட் போற வழி. 19-ஆம் நூற்றாண்டுல அது வெள்ளைக்காரப் படையோட கன்டோன்மென்ட். அங்க ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு, பேரு லாக் ஹாஸ்பிடல். அதே பேர்ல திருச்சியில, பெங்களூருல, குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல, கண்ணூர்ல, பெல்லாரியில எல்லாம் இருந்துச்சு. எல்லாமே மெட்ராஸ் ராஜதானி கணக்குல வர்ற இடங்கள், எல்லாமே பட்டாளம் இருந்த இடங்கள்.

"லாக்"னா பூட்டுன்னுதான் நமக்குத் தோணும். உண்மையில அந்தப் பேர் லண்டன்ல இருந்து வந்தது. அங்க சதர்க் பகுதியில தொழுநோயாளிகளுக்கு இருந்த ஒரு பழைய விடுதியோட பேர் அது. 1747-ல் லண்டன்ல பால்வினை நோய்களுக்குன்னு தனி மருத்துவமனை திறந்தப்ப அதே பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா இந்தியாவுக்கு வந்தப்புறம் அந்தப் பேர் அட்சரம் பிசகாமப் பொருந்திப் போச்சு. ஏன்னா இங்க இது நோயாளி தானா நடந்து போற ஆஸ்பத்திரி இல்ல. பிடிச்சுக் கொண்டுபோய் அடைக்கிற ஆஸ்பத்திரி.

பின்னணியைக் கொஞ்சம் பார்ப்போம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இந்தியாவுல வெள்ளைக்காரச் சிப்பாய்களோட எண்ணிக்கையைக் கூட்டிச்சு. இவங்க பெரும்பாலும் இருபது, இருபத்தஞ்சு வயசுப் பையன்கள். கல்யாணத்துக்கு அனுமதி நூத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான். மனைவி, குழந்தைன்னு வந்தா கப்பல் செலவு, குவார்ட்டர்ஸ் செலவு, எல்லாம் அரசாங்கம் கொடுக்கணுமே. அதைவிடச் சிக்கனமான வழி ஒண்ணு ராணுவத்துக்குக் கிடைச்சுது. பட்டாளத்துக் கடைத்தெருவுக்குள்ளேயே பெண்களைக் குடிவைக்கிறது. வட இந்திய கன்டோன்மென்ட்கள்ல அந்த இடத்துக்குச் "சக்லா"ன்னு பேர். அதை மேற்பார்வை பார்க்க ஒரு வயசான பெண்ணைப் போட்டிருப்பாங்க.

பிரச்சினை என்னன்னா மேகநோய். சிபிலிஸ், கொனோரியா. படையில பெரிய பங்கு எந்நேரமும் ஆஸ்பத்திரியில படுத்திருந்துச்சு. அதுக்குத்தான் சட்டம் வந்துச்சு. 1864-ல் கன்டோன்மென்ட் சட்டம். 1868-ல் இந்திய தொற்றுநோய்ச் சட்டம், இது கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மாதிரி நகரங்களுக்கும் சேர்த்து. ரெண்டோட ஏற்பாடும் ஏறக்குறைய ஒண்ணுதான். தொழில் செய்யற பெண் போலீஸ்கிட்ட பேர் பதியணும். அவங்களுக்கு ஒரு அச்சடிச்ச டிக்கெட் தருவாங்க. குறிச்ச நாள்ல போய் உடம்பைக் காட்டணும். நோய் இருக்குன்னு டாக்டர் சொன்னா லாக் ஆஸ்பத்திரியில அடைப்பாங்க, அவர் "சரியாயிடுச்சு"ன்னு எழுதற வரைக்கும். வரலைன்னா அபராதம், இல்ல ஜெயில்.

சரி, சிப்பாய்? நோய் ரெண்டு பேருக்கும்தானே? பிரிட்டிஷ் ராணுவத்துல சிப்பாய்களுக்கும் இந்தப் பரிசோதனை இருந்துச்சு, ஆனா 1859 வாக்குல கைவிட்டுட்டாங்க. காரணம், அது சிப்பாயோட மானத்துக்கு இழுக்கு, அவங்க மனசு புண்படுது. அடுத்த சில வருஷத்துல அதே பரிசோதனை பெண்களுக்குச் சட்டமா வந்துடுச்சு. இங்கிலாந்துல இதே மாதிரிச் சட்டத்தை ஆராய்ஞ்ச 1871 ராயல் கமிஷன் இதை வெளிப்படையாவே நியாயப்படுத்திச்சு. ரெண்டு பேரையும் ஒப்பிடவே கூடாதாம். அவளுக்கு அது வருமானத்துக்கான வேலை, இவனுக்கு அது இயற்கையான உந்துதல்ல ஒரு சறுக்கல். இன்னிக்கும் டீக்கடையில, "ஆம்பளைன்னா அப்படித்தான்"ன்னு ஒருத்தர் சொல்லும்போது, நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு அரசாங்க அறிக்கையைத்தான் தெரியாம ஒப்பிக்கிறார்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல இந்த நோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. சிபிலிஸுக்குக் கொடுத்தது பாதரசம். அது விஷம். ஓரளவு வேலை செய்யற சால்வர்சான் வந்ததே 1910-ல். பென்சிலின் 1940-களில். அதனால லாக் ஆஸ்பத்திரியால யாரையும் நம்பகமா குணப்படுத்தவே முடியாது. சிபிலிஸ்ல வெளியே தெரியற புண் கொஞ்ச நாள்ல தானா ஆறிடும், நோய் உள்ளேயே இருக்கும். புண் ஆறினதைப் பார்த்து "குணம்"னு டிக்கெட்ல எழுதி அனுப்புவாங்க. ஒரே கருவியை ஒழுங்கா சுத்தம் பண்ணாம அடுத்தடுத்த பெண்களுக்குப் பயன்படுத்தினா அதுவே நோயைப் பரப்பும். கிருமின்னு ஒண்ணு இருக்குன்னே அப்போ பல டாக்டர்கள் நம்பலை.

அதனால பெண்கள் என்ன பண்ணினாங்க? ஓடினாங்க. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் குடியேறினாங்க. பேர் பதியாம இருந்தாங்க. மெட்ராஸ் ராஜதானியோட லாக் ஆஸ்பத்திரிகளுக்கு வருஷா வருஷம் அறிக்கை போட்டிருக்காங்க. அதுல அதிகாரிகள் திரும்பத் திரும்பப் புலம்பறது "பதிவு செய்யாத பெண்கள்" பத்தித்தான். புல்லறுக்க வர்றவங்க, கூலி வேலைக்கு வர்றவங்க மேலெல்லாம் சந்தேகம். அதாவது பரங்கிமலை பக்கம் சாயங்காலம் வேலை முடிஞ்சு நடந்து போற ஏழைப் பெண் யாரா இருந்தாலும் சந்தேகம்தான். அவ யாருங்கிறதை முடிவு பண்றது ஒரு கான்ஸ்டபிள். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அவ பாடு.

இங்கிலாந்துல ஜோசஃபின் பட்லர்னு ஒரு பெண் 1869-ல் இருந்து இந்தச் சட்டங்களுக்கு எதிரா இயக்கம் நடத்தினாங்க. மரியாதையான குடும்பப் பெண்கள் வாயில வரவே கூடாத விஷயத்தை மேடை போட்டுப் பேசினாங்க. அங்க 1886-ல் சட்டம் ரத்து. அதே 1886-ல் இந்தியாவுல என்ன நடந்துச்சு தெரியுமா? தலைமைத் தளபதி ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ் அலுவலகத்துல இருந்து எல்லாப் படைப்பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை போச்சு. பட்டாளக் கடைத்தெருவுல போதுமான எண்ணிக்கையில பெண்கள் இருக்கணும், அவங்க பார்க்க நல்லா இருக்கணும், நல்ல வீடு கொடுக்கணும். ரேஷன்ல அரிசி எவ்வளவு, ஆட்டுக்கறி எவ்வளவுன்னு எழுதற மாதிரி! 1888-ல் அது லண்டன்ல அம்பலமாகி நாடாளுமன்றத்துல ரகளை ஆச்சு. இந்தியாவுலயும் 1868 சட்டத்தை ரத்து பண்ணினாங்க. ஆனா 1891-ல் எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல்னு ரெண்டு அமெரிக்கப் பெண்கள் நேரா கன்டோன்மென்ட்களுக்கு வந்து பார்த்தப்ப பழைய ஏற்பாடு அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு. முதல்ல மறுத்த ராபர்ட்ஸ் 1893-ல் மன்னிப்பு கேட்க வேண்டியதாச்சு.

ராணுவத்தோட பக்கத்தையும் சொல்லிடணும். ரத்துக்குப் பிறகு நோய் ஏறிச்சு. 1895-ல் ஆயிரம் சிப்பாய்க்கு 500 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. "பார்த்தீங்களா, பூட்டை எடுத்தா இதுதான்"ன்னு சொல்லி 1897-ல் விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. ஆனா பூட்டு உச்சத்துல இருந்த 1870-களிலும் நோய் ஒழியலைங்கிறதுக்கு அவங்க அறிக்கைகளே சாட்சி.

இப்போ ஒரு சின்னக் கிளைச்சாலை. ஒரு வார்த்தையைப் பத்தி.

தமிழ்ல ஒரு பெண்ணைத் திட்டறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வசைச் சொல் இருக்கு. அது "தேவரடியார்"ங்கிற சொல்லோட சிதைவு. தேவருக்கு அடியார், அவ்வளவுதான் அர்த்தம். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினதைப் பதிஞ்சிருக்கார். ஒவ்வொருத்தர் பேரும், எந்தக் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தச் சிறகுல எத்தனாவது வீடுங்கிறதும் இருக்கு. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். சுதந்திரமா இருந்தாங்கன்னு நான் சொல்ல வரல, அதுக்கு வேற விவாதம் வேணும். ஆனா அவங்க கல்லுல பேர் உள்ளவங்க. காலனி ஆட்சிக்கு இந்த மாதிரிப் பெண்களை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியல. கல்யாணம் ஆகல, ஆனா சொத்து இருக்கு, படிப்பு இருக்கு, பாட்டு இருக்கு. அவங்க படிவத்துல இருந்தது ரெண்டே கட்டம்: மனைவி, இல்ல வேசி. அவங்களைத் தூக்கி ரெண்டாவதுல போட்டாச்சு.

1920-களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துல பொட்டுக்கட்டுற வழக்கத்தை ஒழிக்கப் போராடினதும், அதே குடும்பப் பின்னணியில இருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊரா பிரசாரம் பண்ணினதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதை எதிர்த்து பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரி தேவதாசிப் பெண்களும் குரல் கொடுத்தாங்க, எங்க எல்லாரையும் விபச்சாரின்னு ஒரே வார்த்தையில அடைக்காதீங்கன்னு. 1947-ல் சட்டம் வந்துச்சு. சின்னப் பொண்ணுக்குப் பொட்டுக்கட்டறதை நிறுத்தினது நல்ல காரியம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா கலை சபாவுக்குப் போச்சு, திட்டு மட்டும் அந்தப் பெண்களோட வாரிசுகள்கிட்ட தங்கிடுச்சு.

திரும்ப மெயின் ரோட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியா 1956-ல் ஒரு சட்டம் போட்டுச்சு. அதுதான் இன்னிக்கு இருக்கிற சட்டம், 1986-ல் திருத்தி ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம்னு பேர் மாத்தினாங்க. நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: இந்தச் சட்டப்படி வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்துல தனியா பாலியல் தொழில் செய்யறது குற்றமே இல்ல. விடுதி நடத்தறது குற்றம். ஆள் பிடிச்சுக் கொடுக்கறது குற்றம். பொது இடத்துல அழைக்கிறது குற்றம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல இருந்து 200 மீட்டருக்குள்ள செய்யறது குற்றம். சென்னையில அப்படி 200 மீட்டருக்குள்ள எதுவுமே இல்லாத தெரு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.

அப்புறம் பிரிவு 4. பாலியல் தொழில் வருமானத்துல வாழற 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குத் தண்டனை. தரகரைப் பிடிக்கத்தான் அது. ஆனா எழுதியிருக்கிற விதத்துல, அம்மா சம்பாத்தியத்துல காலேஜ் படிக்கிற பையனும் வயசான பாட்டியும்கூட உள்ளே வரலாம். பிரிவு 8, பொது இடத்துல அழைக்கிறதுக்குத் தண்டனை. பெண்ணுக்கு முதல் தடவையே ஆறு மாசம் வரைக்கும். அதே குற்றத்தை ஆண் செஞ்சா? ஏழு நாள்ல இருந்து மூணு மாசம் வரைக்கும். உச்ச தண்டனை சரியா பாதி. 1871 கமிஷனோட தராசு அப்படியே இருக்கு.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1958 மே 1. அன்னிக்கே அலகாபாத் உயர் நீதிமன்றத்துல ஹுஸ்னா பாய்ங்கிற 24 வயசுப் பெண் மனு போட்டாங்க. நான் ஒரு பாலியல் தொழிலாளி, என் தம்பிகள் என்னை நம்பித்தான் இருக்காங்க, எந்தத் தொழிலையும் செய்ய அரசியல் சாசனம் கொடுத்த உரிமையை இந்தச் சட்டம் பறிக்குதுன்னு. எட்டு வருஷம் வயசான அரசியல் சாசனத்தை முதல் ஆளா எடுத்துப் படிச்சவங்கள்ல இப்படி ஒருத்தரும் இருந்திருக்காங்க. மனு தள்ளுபடி ஆச்சு. பெண்ணை ஊரைவிட்டே வெளியேத்த மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுக்கிற பிரிவு 20-ஐ கான்பூர் பெண்கள் வழக்குல உச்ச நீதிமன்றம் பின்னாடி செல்லும்னு சொல்லிடுச்சு.

இப்போ பூட்டு திரும்ப மெட்ராஸுக்கு வருது. 1986.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் படிச்சுக்கிட்டிருந்தவங்க செல்லப்பன் நிர்மலா. அவங்க பேராசிரியர் சுனிதி சாலமன், இந்தியாவுல எச்ஐவி இருக்கான்னு தேடிப் பார்க்கச் சொல்றாங்க. அப்போ எல்லாரும் அது அமெரிக்கா வியாதின்னு நினைச்ச காலம். பம்பாய் மாதிரி மெட்ராஸ்ல சிவப்பு விளக்குப் பகுதின்னு தனியா ஒண்ணு கிடையாது. அப்போ ரத்த மாதிரிக்கு எங்க போறது? விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் பிடிச்ச பெண்களை வைக்கிற அரசு இல்லம். நிர்மலா கணவரோட ஸ்கூட்டர்ல போய், கையில கிளவுஸ்கூட இல்லாம 80-க்கு மேல மாதிரி எடுக்கறாங்க, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கறாங்க, ராத்திரி ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோறாங்க. ஆறு மாதிரி பாசிட்டிவ். இந்தியாவுல முதன்முதலா கண்டுபிடிச்சது அப்படித்தான். நிர்மலா செஞ்சது பெரிய வேலை, சந்தேகமே இல்ல. நாட்டோட ரத்த வங்கி நடைமுறையில இருந்து எல்லாமே அதுக்கப்புறம்தான் மாறிச்சு. ஆனா அந்தப் பெண்களுக்கு எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு தெரியாது. மேகநோய்க்குன்னு நினைச்சுக்கிட்டாங்க. பரங்கிமலையில டிக்கெட் வாங்கின பெண்கள் மாதிரியே, அங்கேயும் முடியாதுன்னு சொல்ற நிலைமையில அவங்க இல்ல.

அடுத்து நடந்ததுதான் மோசம். பாசிட்டிவ்னு தெரிஞ்ச பெண்களைத் தண்டனைக் காலம் முடிஞ்ச பிறகும் வெளியே விடல. விட்டா நோய் பரவுமாம். நோயைக் கொடுத்தவங்க எல்லாரும் வெளியேதான் இருந்தாங்க. ஷியாமளா நடராஜ்னு ஒரு பத்திரிகையாளர் வழக்குப் போட்டு, 1990-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவங்களை விடுவிச்சாங்க.

பூட்டு இல்லாம வேற என்ன பண்ண முடியும்னு கேட்டா, கொல்கத்தா சோனாகாச்சியைக் காட்டலாம். 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்க ஒரு சுகாதாரத் திட்டத்துக்குப் போறார். அந்தப் பெண்களையே சுகாதாரப் பணியாளராப் பயிற்சி கொடுக்கறார். சீக்கிரமே ஒரு விஷயம் புரிஞ்சுது. ஆணுறை போட மாட்டேன்னு வர்ற ஆளைத் திருப்பி அனுப்பணும்னா பாடம் மட்டும் பத்தாது. அன்னிக்குச் சாப்பாட்டுக்குக் காசு இருக்கணும், பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே ஆளை மறுக்கணும், ரவுடியும் போலீஸும் உள்ளே வராம இருக்கணும். அதனால 1995-ல் துர்பார்னு சங்கம் வந்துச்சு, உஷான்னு ஒரு கூட்டுறவு வங்கி வந்துச்சு. பதிவு பண்ணப் போனப்ப, "இல்லத்தரசிகள்"னு எழுதிக் கொடுத்தா ஈஸின்னு அதிகாரிகள் யோசனை சொன்னாங்க. இவங்க மாட்டேன்னுட்டாங்க. பாலியல் தொழிலாளிகள்னுதான் பதிவாச்சு. ஆணுறைப் பயன்பாடு வேகமா ஏறிச்சு, பம்பாயோட ஒப்பிட்டா எச்ஐவி அங்க ரொம்பக் குறைவாவே இருந்துச்சு. நாடு முழுக்க எய்ட்ஸ் திட்டங்கள் இந்த முறையைப் பின்பற்றினது அதுக்கப்புறம்தான்.

"அப்போ கஸ்டமரைப் பிடிச்சு உள்ளே போடுங்க"ன்னு நீங்க சொல்லலாம். ஸ்வீடன் 1999-ல் அதைத்தான் செஞ்சுது. இந்தியாவுலயும் 2006-ல் அப்படி ஒரு திருத்த மசோதா வந்து காலாவதியாச்சு. அதை எதிர்த்தவங்கள்ல முன்வரிசையில இருந்தது பாலியல் தொழிலாளர் சங்கங்கள். வர்ற ஆள் பயந்தா இருட்டான இடத்துக்குக் கூப்பிடுவான், அங்க எங்களுக்குப் பாதுகாப்பு இல்லன்னு சொன்னாங்க. எனக்கு அவங்க வாதம் சரின்னு படுது. கடத்திக் கொண்டுவந்த பெண்ணும், 18 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையும் வேற கணக்கு. அங்க மீட்புன்னா மீட்புதான், அதுல சமரசமே கிடையாது. நம்ம சட்டத்தோட சிக்கல் ரெண்டு பேரையும் ஒரே வேன்ல ஏத்தறதுதான்.

2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு ஞாபகம் இருக்கா? "பாலியல் தொழில் சட்டபூர்வம் ஆயிடுச்சு"ன்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க. அப்படி இல்ல. கொல்கத்தாவுல 1999-ல் ஒரு பாலியல் தொழிலாளி கொலையான வழக்கு. கொலையாளியோட மேல்முறையீட்டை 2011-ல் தள்ளுபடி பண்ணின நீதிமன்றம், இந்தப் பெண்களோட வாழ்க்கை நிலைமையைத் தானா எடுத்து விசாரிச்சுது, குழு போட்டுச்சு. குழுவோட பரிந்துரைகள் சிலதுக்கு மத்திய அரசு தயக்கம் காட்டிச்சு. ரெய்டுல பெண்களைக் கைது செய்யக் கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. மத்ததை உடனே அமல்படுத்தச் சொல்லி உத்தரவு. போலீஸ் மரியாதையா நடத்தணும். ஆணுறை வெச்சிருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமா காட்டக் கூடாது. முகமோ பேரோ வெளியே தெரியற மாதிரி ஊடகங்கள் போடக் கூடாது. முகவரிச் சான்று இல்லைன்னாலும் ஆதார் கொடுக்கணும், அந்த அட்டையில அவங்க தொழில் தெரியற எந்தக் குறியும் இருக்கக் கூடாது.

அந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு, பேப்பர்ல பெருசா வரல. மாநில அரசுகள் எல்லாம் தங்களோட காப்பகங்களை ஆய்வு செய்யணும். விருப்பத்துக்கு மாறா உள்ளே வெச்சிருக்கிற வயது வந்த பெண்கள் எத்தனை பேர்னு பார்த்து, அவங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள்ள விடுவிக்க நடவடிக்கை எடுக்கணும்.

உங்க ஊர் காப்பகத்துல அந்தக் கணக்கெடுப்பு நடந்துச்சான்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். கட்டணம் பத்து ரூபா. கேட்டுப் பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல தேவதாசிகளோட மானிய நிலங்கள் யார் கைக்குப் போச்சுன்னு பார்ப்போம்.